உயிரோடு இருப்பவனுக்கு ஒரு மெழுகுவத்தி

பாண்டிச்செல்வி பொய் சொல்லவில்லை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதையைக் கேட்கிறவர்கள் ஆளாளுக்கு அவளை ஏசத் தொடங்கிவிடுவார்கள். புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவன் செத்துப்போனான் என்று அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். மூன்று வருஷம் மூடிக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றுக்கும் காரணம் இறால்தான். பிழைக்க வந்த மலையாள ஊரில், பள்ளுருத்திப் பக்கம் இறால் உரிக்கிற ஷெட்டில் அவளுக்கு வேலை. உரித்த இறால் கப்பலேறி வெளிநாடு போகிற சரக்கு என்பதால் அங்கே ஆயிரத்தெட்டுச் சட்டம். வளையல் கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது, கழுத்தில் ஒரு நூல்கூடக் கூடாது. சூப்பர்வைசர் ரதீஷ் வாசலிலேயே நின்று ஒவ்வொருத்தி கழுத்தையும் பார்த்துத்தான் உள்ளே விடுவான். முதல் நாள் தாலியைக் கழற்றும்போது பாண்டிச்செல்வி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. மஞ்சள் தடவிய கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்வாள், வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுக் கட்டிக்கொள்வாள்.

மகள் மகா மட்டாஞ்சேரி கன்னியாஸ்திரீகள் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம், தலைமை ஆசிரியை சிஸ்டர் ரோஸிலி ஆளனுப்பினார். நன்றாகப் படிக்கிற ஏழைப் பிள்ளைக்கு யாரோ ஒரு புண்ணியவான் பணம் தருகிறாராம், தாயார் வந்து பார்க்க வேண்டுமாம். பாண்டிச்செல்வி வேலை முடிந்த கையோடு, அதே ஈரப் புடவையோடு ஓடினாள். சிஸ்டர் அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்தார், வெறும் கழுத்தைப் பார்த்தார், இறால் முள் குத்திக் குத்தி வெளுத்துப்போன விரல்களைப் பார்த்தார். எழுந்து வந்து தோளில் கை வைத்து, "சாரமில்ல, தெய்வம் உண்டு" என்றார், பரவாயில்லை என்கிற மாதிரி. தன் கஷ்டத்துக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து இவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். அதற்குமேல் சிஸ்டருக்கு என்ன சாட்சி வேண்டும்? மலையாளப் படிவத்தை அவரே நிரப்பினார். இவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

பத்து நாள் கழித்து மகாதான் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னாள், இது அப்பா இல்லாத பிள்ளைகளுக்கான பணம் என்று. பாண்டிச்செல்வி கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள். நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவோம் என்றாள். மறுநாள் சீருடைத் துணி வந்தது. அதற்கடுத்த நாள் ஷூ வந்தது. பையும் புத்தகமும் வந்தன, டியூஷனுக்குச் சொல்லியாயிற்று. அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

இசக்கிமுத்து ஏலூரில் உர மூட்டை ஏற்றுகிற ஒப்பந்த வேலையில் இருந்தான். வாரம் முழுக்க அங்கேயே கிடப்பு, சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டுக்கு வருவான். நல்லாப் படிக்கிற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார்கள் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். அதுவும் பொய்யில்லையே! வருஷா வருஷம் நடக்கிற விழா வேலை நாளில் வந்ததால் அவனுக்குச் சேதியே தெரியாது. அவள் மட்டும் ஷெட்டிலிருந்து அப்படியே வெறுங்கழுத்தோடு போய்வருவாள்.

இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் மகா எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். பள்ளிக்கூட மதிலில் பெரிய ஃப்ளெக்ஸ் கட்டி அவள் முகத்தைப் போட்டுவிட்டார்கள். விழாவும் ஞாயிற்றுக்கிழமை என்றாகிவிட்டது, பணம் தருகிற சேவியர் குவைத்திலிருந்து நேரிலேயே வருகிறாராம். பிளஸ் டூவும் நர்சிங்கும் முழுக்க அவர் செலவு என்று அன்றைக்கு மேடையில் சொல்லப் போகிறார்கள். அந்த ஒரு வாக்கு கிடைத்துவிட்டால் மகா இறால் கூடைப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பாண்டிச்செல்வி ராத்திரி பகலாக நினைத்ததெல்லாம் அது ஒன்றைத்தான்.

சனிக்கிழமை வந்து இறங்கிய இசக்கிமுத்து புது வெள்ளைச் சட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தான்.

"எட்டி, நாளைக்கு நானும் வாரேன். எம்புள்ள மேடை ஏறுதா, நான் பாக்க வேண்டாமா?"

அவள் என்னென்னவோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள். தாய்மார்களை மட்டும்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றாள். மழை என்றாள். அவன் சட்டைக்கு இஸ்திரி போட உட்கார்ந்துவிட்டான். வேறு வழியில்லாமல் அவன் எதிரில் உட்கார்ந்து மூன்று வருஷக் கதையையும் கொட்டினாள்.

சட்டைக் காலரில் சுருக்கம் விழுந்திருந்தது, இசக்கிமுத்து அதையே திரும்பத் திரும்பத் தேய்த்தான்.

"அப்ப நான் செத்து மூணு வருஷம் ஆச்சா?"

"ஏங்க, அப்படிச் சொல்லாதீக."

"நான் எங்கட்டி சொன்னேன்?" என்றவன் மகாவைப் பார்த்தான். "உனக்கும் தெரியுமா தாயி?"

மகா தலையைக் குனிந்துகொண்டாள். வருஷத்துக்கு ஒரு நன்றிக் கடிதம், 'காலஞ்சென்ற என் தந்தை' என்று தொடங்குகிற கடிதம், அவள் கையால்தான் எழுதியது. அவனுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது என்பதால் கடிதத்தின் நகல் வீட்டு அலமாரியிலேயே கிடந்தது. பாவி மனுஷன் அதை எத்தனை தடவை எடுத்துத் தூசி தட்டி வைத்திருப்பான்.

"மாமன்னு சொல்லிக்கிடுங்க. தாய்மாமன் வாரதுக்கு யாரு தடை சொல்லப் போறா" என்றான் கடைசியில். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் பாண்டிச்செல்விக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டுகிற மழையில் மூவரும் போனார்கள். அன்றைக்கு ஷெட் விடுமுறை. ஆனாலும் புறப்படும்போது, புருஷன் பார்த்துக்கொண்டிருக்க, தாலியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடையை விரித்தான்.

வாசலில் சிஸ்டர் ரோஸிலி, "இது யார்?" என்று கேட்டார்.

"அம்மாவோட அண்ணன், சிஸ்டர்" என்றாள் மகா, கண் இமைக்காமல்.

"பேரு?"

இசக்கிமுத்து திருதிருவென்று விழித்து, கூட மூட்டை தூக்குகிறவன் பெயரைச் சொன்னான். "வெங்கிட்டு."

அந்த விழாவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சேவியருடைய அப்பா அந்தப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, மகன் சின்னப் பையனாக இருக்கும்போதே இறந்துபோனவர். அவருடைய நினைவு நாளில்தான் விழா. அவர் பெயரோடு, உதவி பெறுகிற பிள்ளைகளுடைய செத்துப்போன அப்பன்மார் பெயர்களையும் ஃபாதர் ஒவ்வொன்றாக வாசிப்பார். வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் போய் ஆளுக்கொரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். இரண்டு வருஷமும் அந்த நேரத்தில் பாண்டிச்செல்வி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். அதைப் பற்றி மட்டும் புருஷனிடம் சொல்ல நேற்று அவளுக்கு நாக்கு எழவில்லை.

கூட்டம் எழுந்து நின்றது. ஃபாதர் மைக்கில் வாசித்தார். ஐந்தாறு பெயர் போனபிறகு, "இசக்கிமுத்து" என்றார் அழுத்தந்திருத்தமாக.

பின்வரிசையில் நின்றவன், யாரோ கூப்பிட்டாற்போல ஒரு கணம் நிமிர்ந்தான். அவ்வளவுதான், புரிந்துவிட்டது. பக்கத்தில் எல்லோரும் கை கூப்பியிருந்தார்கள், அவனும் கூப்பினான். கூட்டம் முழுக்கச் சேர்ந்து அந்த ஆத்மாவுக்கு நித்திய சாந்தி கேட்டது. மகா நேராக நடந்துபோய் மெழுகுவத்தியை ஏற்றினாள். அவள் கை நடுங்கவே இல்லை, பெற்றவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

பிறகு சேவியர் பேசினார். நல்ல மனுஷர்தான், குறை சொல்ல முடியாது. மகாவின் தலையில் கை வைத்துக் கண் கலங்கினார். "உன் அப்பா மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், மோளே" என்று உத்தரத்தைக் காட்டினார். பிளஸ் டூவும் நர்சிங்கும் தன் பொறுப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. இசக்கிமுத்துவும் தட்டினான்.

கிடைத்துவிட்டது! பாண்டிச்செல்விக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வராந்தாவில் சாயாவும் பஃப்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தபோது சிஸ்டர் ரோஸிலி அவள் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப் போனார். இத்தனை வருஷம் தமிழ்ப் பிள்ளைகளோடு பழகியதில் அவருக்குப் பாதித் தமிழ் வந்திருந்தது.

"செல்வி, இன்னிக்கு எனக்கு சமாதானமாச்சு. அந்த வருஷம் ஒரே ஒரு இடம்தான். ரெண்டு குட்டிகள். மற்றேக் குட்டிக்கு அப்பன் மரிச்ச சர்டிபிக்கேட்டு வரைக்கும் எல்லாம் சரியா உண்டு. ஆனா உன்னை அந்தக் கோலத்துல பார்த்தப்போ என் மனசு கேக்கல. உன் பிள்ளை பேரை எழுதினேன்."

"அந்தப் பிள்ளை யாரு சிஸ்டர்?" என்று கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"ஷபானா. அதே க்ளாஸ்தான். பாவம், ஒம்பதுல நின்னுபோச்சு. இப்ப எங்கே இருக்கோ."

எங்கே இருக்கிறாளா? தினமும் காலை ஏழு மணியிலிருந்து பாண்டிச்செல்வியின் வலது கைப் பக்கத்தில் இருக்கிறாள். ராவுத்தர் வீட்டுப் பெண், அவளுடைய அத்தா ஜூ டவுன் கிடங்கில் மிளகு மூட்டை சரிந்து செத்தவர். பதினெட்டு வயது என்று சொல்லி வேலைக்குச் சேர்ந்த பதினாறு வயதுக்காரி. ஷெட்டிலேயே வேகமான கை அவளுடையதுதான். பாண்டிச்செல்வியின் சட்டியில் எடை குறைந்தால் ரதீஷ் பார்க்காதபோது தன் சட்டியிலிருந்து ஒரு கை அள்ளிப் போடுகிறவள். மகா மட்டும் தெருவில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். படிக்கிற திமிர் என்று பாண்டிச்செல்வி மகளை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள்.

இப்போதே சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சிஸ்டர் அங்கேதான் நிற்கிறார், சேவியரும் பத்தடி தூரத்தில்தான் இருக்கிறார். மகா கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படம் எடுக்க நின்றிருந்தாள். பாண்டிச்செல்வி பஃப்ஸை ஒரு கடி கடித்தாள். வாய் நிறைந்திருந்தால் பேச வேண்டியதில்லை.

திரும்பி வருகிற வழியில் இசக்கிமுத்து ஒரே ஒரு தடவைதான் பேசினான். "எம்பேர இவ்வளவு மரியாதையா இதுவரைக்கும் எவனும் வாசிச்சதில்லட்டி." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏலூருக்குப் போய்விட்டான். வழக்கமாக மகாவை எழுப்பிச் சொல்லிக்கொண்டு போகிறவன், அன்றைக்கு எழுப்பவில்லை.

திங்கட்கிழமை ஷெட்டில் ஷபானா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

"அக்கா, ஃப்ளெக்ஸ் பார்த்தேன். மகா சினிமாக்காரி மாதிரி இருக்கா. விழா எப்படி? மெழுகுவத்தி ஏத்தினாங்களா?"

பாண்டிச்செல்விக்குக் கை நின்றுவிட்டது. "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"சிஸ்டர்தான் எங்கம்மாகிட்ட அப்போ சொன்னாங்க. அத்தா பேரை வாசிப்போம், மோளு மெழுகுவத்தி ஏத்தணும்னு. நம்ம ஏத்தலாமான்னு நான்கூட அம்மாகிட்ட கேட்டேன்." ஓட்டைக் கிழித்து இறாலை உருவினாள். "அப்புறம் ஏத்த வேண்டி வரல."

"ஷபானா, அந்த இடம் உனக்கு வர வேண்டியதுன்னு எனக்கு நேத்துதான் தெரியும். சத்தியமாடி."

"எனக்கு மூணு வருஷமாத் தெரியும் அக்கா."

தலையை நிமிர்த்தாமலே, உரித்துக்கொண்டே சொன்னாள். "அந்த வாரம்தான் இசக்கி மாமா தோப்பும்படியில எங்க ரெண்டு பேருக்கும் குலுக்கி சர்பத் வாங்கித் தந்தாரு. மறுநாள் லிஸ்ட் போட்டாங்க, மகாவுக்கு அப்பா இல்லன்னு. செத்தவரு சர்பத் வாங்கித் தருவாரா? சிஸ்டர்கிட்ட சொல்லிடணும்னு ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். அங்க மகா நின்னுட்டிருந்தா. என் காலைப் பிடிச்சுட்டா. நீ சொன்னா எங்கம்மாவைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போகும்னு அழுதா. எனக்கும் பயமாயிடுச்சு. உங்களைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களேன்னு. திரும்பி வந்துட்டேன். அதுக்கப்புறம் அவ எங்கிட்ட பேசறதே இல்ல."

பாண்டிச்செல்வி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பதிமூன்று வயதில் தன் மகள் ஒருத்தி காலைப் பிடித்திருக்கிறாள். பதிமூன்று வயதில் இந்தப் பெண், யாரோ ஒரு பாண்டிச்செல்வி ஜெயிலுக்குப் போகக்கூடாதே என்று பள்ளிக்கூடத்தை விட்டிருக்கிறாள். வளர்ந்தவர்கள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார்கள். மன்னித்துக்கொள் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. இப்போதே எழுந்துபோய்ச் சிஸ்டரிடம் உண்மையைச் சொல்லப் போவதில்லை என்பது அவளுக்கே தெரியும். நாளைக்கும் சொல்லப் போவதில்லை.

"எந்தா செல்விச்சேச்சி, கை நடக்கட்டே!" என்று அந்தக் கோடியிலிருந்து ரதீஷ் கத்தினான்.

ஷபானா அவன் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அவன் திரும்பியதும் தன் சட்டியிலிருந்து உரித்த இறாலை இரண்டு கையாலும் அள்ளிப் பாண்டிச்செல்வியின் சட்டியில் போட்டாள்.

"உரிங்க அக்கா. எடை குறைஞ்சா அவரு ஏசுவாரு."

பாண்டிச்செல்வி அதை எடுத்துத் திருப்பிப் போடவில்லை. குனிந்து அடுத்த இறாலை எடுத்தாள்.