நாற்பத்தொன்றாம் எண்

கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், "ரத்தத்தைத் திருப்பி வாங்கறது இங்கதானா?" என்று கேட்டாள். இருபது வருஷமாக இந்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் கொடுக்க வருகிறவர்களைப் பார்க்கிறேன். முடிவை வாங்கிப்போக வருகிறவர்களையும் பார்க்கிறேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வந்தவள் இவள்தான் முதல். தோளில் சின்னதாக ஒரு நீலப்பை, சாப்பாட்டுப் பை என்று நினைத்துக்கொண்டேன். கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

பிரித்துப் பார்த்தேன். எங்கள் ஆய்வின் சம்மதப் படிவம். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடியை வெட்டிய கையோடு, அந்தக் கொடியிலிருந்து மூன்று மில்லி ரத்தம் எடுத்து வைப்போம். எப்படியும் குப்பைக்குப் போகிற ரத்தம்தான். குழந்தைக்கு வலியும் இல்லை, நஷ்டமும் இல்லை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். கடைசிப் பக்கத்தில் ஓர் ஆணின் கையெழுத்து, அவசரத்தில் கோட்டைத் தாண்டி ஓடியிருந்தது.

"அவரு போட்டது. அன்னிக்கு நீட்டின காகிதத்துல எல்லாம் போட்டிருக்காரு. இப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு முந்தாநாள்தான் தெரியும்."

"பாப்பா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நாலு நாள் இருந்தா. தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடுச்சுன்னாங்க." பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல் சொன்னாள்.

படிவத்தின் மூலையில் எண் இருந்தது. நாற்பத்தொன்று. இருபத்தாறு வாரம், எழுநூற்று எண்பது கிராம். இந்தக் குழந்தைகளை எனக்கு முகம் பார்த்துத் தெரியாது, எண்ணும் எடையும்தான் தெரியும். அவர்களுடைய குப்பிகளுக்குக் காவல் இருப்பதால் இங்கே எனக்கு 'ஐஸ்பெட்டி' என்று பெயர். ஆளும் அப்படித்தான் என்று பின்னால் பேசிச் சிரிப்பதும் காதில் விழுந்திருக்கிறது. பேசட்டும். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரில் தினமும் கைவிட்டு எடுப்பவளுக்கு விரல் மட்டுமா மரத்துப்போகும்?

அவள் ஐந்தாவது பத்தியைக் காட்டினாள். எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம். பென்சிலால் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள். அடுத்த வரியை அவள் படிக்கவில்லையா, படித்தும் விட்டுவிட்டாளா தெரியவில்லை. நான் படித்துக் காட்டினேன். விலகினால் ரத்த மாதிரி அழிக்கப்படும்.

"அழிக்கறதுன்னா?"

"எரிச்சிடுவாங்கம்மா."

"என்கிட்ட தரமாட்டீங்களா?"

"யார்கிட்டயும் தர்றதில்ல."

நாற்காலியில் உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நான் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். அழவில்லை. "எதுக்கு எடுத்தீங்க அதை?" என்றாள்.

ஆய்வை நடத்தும் டாக்டர் இருந்திருந்தால் படம் போட்டு விளக்கியிருப்பார். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். ரத்தம் உறைவதற்கென்று சில புரதங்கள் இருக்கின்றன. கிருமிகளைத் தாக்குவதற்கென்று வேறு ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குக் கண்மண் தெரியாது, விட்டால் சொந்த உடம்பையே பதம் பார்த்துவிடும். 'இது நம்ம ஆளு, விட்டுடு' என்று தடுக்க இன்னும் சில புரதங்கள் காவல் நிற்கும். சீக்கிரமே பிறந்துவிடும் பிள்ளைகளிடம் இவை பெரும்பாலும் குறைவு. எவ்வளவு குறைவு என்று பார்க்கத்தான் எடுத்தோம்.

"நான் சரியா சாப்பிட்டிருந்தா கூடியிருக்குமா?"

"இல்லம்மா. அம்மாகிட்டேருந்து போறதில்ல இது. பாப்பா தானே செஞ்சுக்கணும். அதுக்கு நாள் ஆகும்."

"நாள்," என்றாள். நான் சொன்னது அவளுக்கு ஆறுதலா, இன்னோர் அடியா, முகத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு கேட்டாள். "பாக்கவாவது விடுவீங்களா?"

விடக் கூடாது. வெளியே வந்த குப்பி சில நிமிடங்களில் உருகிவிடும், உருகினால் உள்ளே இருப்பது கெட ஆரம்பித்துவிடும். இருபத்தாறு வாரத்தில் பிறந்தவர்கள் என்று எங்களிடம் இருப்பதே நாலு குழந்தைகள். ஒரு சொட்டு சிந்தினால் டாக்டர் ஒரு வாரம் பேசமாட்டார். ஆனாலும் நான் எழுந்து கையுறையை மாட்டிக்கொண்டேன். இரக்கம் என்று சொல்ல மாட்டேன். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை, கை தானாகப் போயிற்று. நாற்பத்தொன்றுக்கு மூன்று குப்பிகள். முதலாவதை எடுத்தேன்.

சுண்டுவிரலில் பாதிதான் இருக்கும். பனி பூத்திருந்தது. துணியில் வைத்து நீட்டினேன். அவள் துணியை விட்டுவிட்டு வெறும் விரலால் எடுத்தாள்.

"சுட்டுடும்மா, துணியோட பிடிங்க."

கட்டை விரலால் பனியைத் துடைத்துப் பார்த்தாள். "மஞ்சளா இருக்கே."

"மெஷின்ல வச்சு சுத்தி எடுத்தது. சிவப்பு அடியில தங்கிடும். மேல நிக்கற தண்ணிதான் எங்களுக்கு வேணும்."

"சிவப்பு எங்க?"

"அன்னிக்கே போட்டுட்டோம்."

தலையை ஆட்டினாள். குப்பியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம். ஐந்து. வாங்கி உள்ளே வைத்துவிட இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒவ்வொரு நிமிடமும் நினைத்தேன், பிறகு நேரம் இல்லாமல் போயிற்று.

"உங்க பெட்டில எவ்வளவு நாள் கெடாம இருக்கும்?"

"வருஷக்கணக்கா இருக்கும்."

"எங்க வீட்டு ஃப்ரீசர்ல பதினோரு பாட்டில் பால் இருக்கு. அவளுக்குன்னு எடுத்து வச்சது. ஆறு மாசம் தாங்கும்னு நர்ஸ் சொன்னாங்க. அவரு கொட்டிடுன்றாரு." கையைத் திறந்தாள். குப்பிக்குள் மஞ்சள் தண்ணீர் அசைந்தது, ஒரு சின்னக் குமிழியும் கூடவே போயிற்று. "இது இனி உங்களுக்கு ஆகுமாக்கா?"

"ஆகாது."

"இன்னும் ரெண்டு இருக்கா?"

"இருக்கு."

"அதை நீங்க வச்சுப் பாருங்க." படிவத்தைப் பழையபடி நாலாக மடித்தாள்.

பதிவேட்டைத் திறந்தேன். நாற்பத்தொன்று, முதல் குப்பி. 'உருகியது' என்று எழுதினேன். பொய்யில்லை. அடுத்த கட்டத்தில் 'அழிக்கப்பட்டதா?' என்று அச்சடித்திருந்தது. பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டே இருந்தேன்.

ஜிப் இழுக்கும் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். நீலப்பை சாப்பாட்டுப் பை இல்லை. உள்ளே இரண்டு பக்கமும் ஐஸ் பொட்டலங்கள், நடுவே பால் பாட்டில்கள் நிற்பதற்கு வட்ட வட்டமாக ஆறு குழிகள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. குப்பியை ஒரு குழியில் நிறுத்தினாள். பாட்டிலுக்கு வெட்டிய குழி அது, குப்பி நிற்காமல் அடியில் சாய்ந்து விழுந்தது. சிவந்துபோன விரல்களை உள்ளே விட்டு எடுத்து, மறுபடியும் நிறுத்தினாள்.