முத்துக்குளிப்பவன் மேலே வர வேண்டும்

அப்பாவின் கம்பெனி அதுவரை ரேடியோவும் கால்குலேட்டரும் செய்துகொண்டிருந்தது. டிவியோடு இணைத்து விளையாடும் பெட்டி ஒன்றைச் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியபோது வெளியே ஆள் தேடவில்லை. சர்க்யூட் வரைய அவருடைய தங்கை, அதாவது என் அத்தை. விளையாட்டை எழுத அத்தையின் கணவர். மாமா நடந்து வருவது யாருக்கும் கேட்காது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார். அதனால் கம்பெனி முழுக்க அவருக்குப் பூனை என்றுதான் பெயர். கையேடும் விளம்பர வாசகமும் எழுதும் வேலை எனக்கு.

பெட்டிக்குள்ளேயே ஒரு விளையாட்டு இருக்க வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். மாமா யோசித்தது இது: முத்துக்குளிப்பவன் ஒருவன் கடலுக்குள் இறங்குகிறான். மூச்சு தீர்வதற்குள் சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே வர வேண்டும். கட்டத்துக்குக் கட்டம் ஆழம் கூடும். கடைசிக் கட்டத்தில் அவன் மேலே வரும்போது விடிந்திருக்கும்.

பாதி வேலையில் அப்பா கணக்குப் போட்டுப் பார்த்து, விலை கட்டுப்படியாகாது என்றார். எங்கே குறைக்கலாம் என்று அத்தை தேடினாள். விளையாட்டு முழுதும் பதிய வேண்டிய மெமரி சிப்பைப் பாதி அளவுக்கு மாற்றினாள். அன்று மதியம் அவளுடைய மேஜைக்கு மாமா வந்து நின்றதை அவள் வழக்கம்போலக் கவனிக்கவில்லை.

“பாயைப் பாதியா வெட்டிட்டு, இப்ப காலை நீட்டிப் படுன்னா எப்படி?” என்றார்.

“மடக்கிப் படுங்க. விலை ஏறுனா பெட்டியே வராது.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

அத்தை மறுபடி சர்க்யூட் தாளில் குனிந்துகொண்டாள். அதன்பிறகு பல வாரங்கள் வீட்டில் தண்ணீர் கொடு, விளக்கை அணை என்பதற்கு மேல் பேச்சில்லை. கம்பெனியில் மட்டும் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள், முகத்தைப் பார்க்காமல்.

ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பிய மாமா மாடிப்படியில் உட்கார்ந்தார். செருப்பு மாட்டுகிறார் என்று அத்தை நினைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

அத்தை திரும்ப வேலைக்கு வந்த அன்று யாருக்கும் அவளிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவள் நேராக மாமாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். விளையாட்டு ஏறக்குறைய முடிந்திருந்தது. ஆனால் கடைசிக் கட்டத்தில் முத்துக்குளிப்பவன் எல்லாச் சிப்பிகளையும் எடுத்ததும் திரை அப்படியே உறைந்து நின்றது. அவனை மேலே கொண்டுவரும் பகுதியை மாமா எழுதவே இல்லை. எழுத சிப்பில் இடமும் இல்லை.

“அங்க வரைக்கும் யாரும்மா விளையாடப் போறாங்க? இப்படியே அனுப்பிடலாம்” என்றார் அப்பா.

“ஒருத்தராவது போவாங்க, அண்ணா. போனவங்க முன்னாடி பெட்டி செத்து நிக்கக் கூடாது.”

மாமா எழுதியதை வரி வரியாகப் படிக்கத் தொடங்கினாள். இடத்தை மிச்சப்படுத்த அவர் படாத பாடு பட்டிருந்தார். கடலடித் தரையின் மேடுபள்ளத்துக்கான எண்களையே அலையோசைக்கும் பயன்படுத்தியிருந்தார். சிப்பியின் படத்தைத் தலைகீழாக்கி மீனாக்கியிருந்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். “பாரு, எப்படி மடங்கிப் படுத்திருக்காரு.” சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

எங்கேயும் பயன்படாத ஒரு பகுதியை அதன்பிறகுதான் கண்டுபிடித்தாள். அந்தப் பெட்டிக்கு எழுத்துகள் கிடையாது, எண்கள் மட்டும்தான். மாமா சில எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகத் தானே வரைந்து வைத்திருந்தார். அவற்றைத் திரையில் வரவழைத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். இரண்டு பெயர்கள். முதலில் அத்தையுடையது, அதன் கீழே அவருடையது. விடிந்த கடலின் மேல் தெரிவதற்காகத்தான் எழுதியிருக்க வேண்டும்.

செய்தவர்களின் பெயரை எங்கேயும் போடக் கூடாது என்பது அப்பாவின் கண்டிப்பு. போட்டிக் கம்பெனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பயம். அதனால் ஒளித்து வைத்திருக்கிறார். அதுவும் அவர்கள் பேசாமல் இருந்த அந்த வாரங்களில்.

மேலே வரும் காட்சிக்கு இடம் வேண்டுமானால் இருந்தது அது ஒன்றுதான். அத்தை தன் பெயரை அழித்தாள். போதவில்லை. இரண்டு நாள் அதைத் தொடாமல் வேறு எங்கெங்கோ சுரண்டிப் பார்த்தாள். மாமா மிச்சம் எதுவும் வைத்திருக்கவில்லை.

விஷயம் தெரிந்து அப்பா வந்தார். “பெரிய சிப்பே போட்டுடலாம்மா. போர்டை மாத்திக்கலாம். நஷ்டத்தை நான் பாத்துக்கறேன்.”

“அவர் கேட்டப்ப குடுக்காததை இப்ப யாருக்கு அண்ணா குடுக்கப் போறீங்க?” என்றாள். திரையைப் பார்த்தபடியே, “குடுக்காதவ நான்தான். உங்களைச் சொல்லி என்ன” என்றாள்.

அன்று மாலைக்குள் மாமாவின் பெயரும் போயிற்று. முத்துக்குளிப்பவன் மேலே வந்தான். வானம் வெளுத்தது. கையேட்டிலாவது மாமா பெயரைப் போடுகிறேன் என்று நான் சொன்னபோது அப்பா மறுக்கவில்லை. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டோம். பெட்டி வாங்குகிறவர்கள் முதலில் தூக்கிப் போடுவது கையேட்டைத்தான் என்பது எழுதிய எனக்கே தெரியும்.

பெட்டி சில வருடங்கள் சுமாராக விற்றது. பிறகு பெரிய கம்பெனிகள் வந்தன, எங்கள் கம்பெனி மூடப்பட்டது, அப்பாவும் போய்விட்டார். போன வருடம் பழைய விளையாட்டுப் பெட்டிகளின் வரலாற்றை எழுதும் இளைஞர் ஒருவர் அத்தையைத் தேடி வந்தார். சிப்பில் இருந்ததையெல்லாம் முழுதாகப் படித்துப் பார்த்திருக்கிறார்.

“கடைசிக் காட்சி நீங்க எழுதுனதுன்னு கம்பெனியில இருந்தவங்க சொன்னாங்கம்மா. மத்ததும் நீங்கதானே?”

“மத்தது அவர் எழுதினது.”

“அப்படித்தான் சொல்றாங்க. ஆனா உள்ள எங்கயும் அவர் பேர் இல்லையே. கையேடு ஒண்ணும் எங்கயும் கிடைக்கல. ஏதாவது அத்தாட்சி இருக்கா?”

அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“இருந்துச்சு தம்பி. நான்தான் அழிச்சேன்” என்றாள். பிறகு, எதற்காக என்று அவர் கேட்காமலே, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.