ரெக்கார்டரை அணைத்த பிறகு

சிஞ்சு டீச்சர் ஆராய்ச்சிக்கு ஆள் தேடி ஏலப்பாறையில் இறங்கியபோது முதலில் நுழைந்தது என் மளிகைக்கடையில்தான். மூன்று மதத்திலும் தெய்வ அனுபவம் கண்டவர்கள் வேண்டுமாம். தர்காவில் ஒரு பெரியவர், ஜெபக்கூட்டத்தில் அந்நிய பாஷை பேசும் ஜோஜோ என்று இரண்டு பேர் ஏற்கெனவே தேறியிருந்தார்கள். மூன்றாவதாக, எஸ்டேட் காளியம்மன் கொடைத் திருவிழாவில் அருள் வந்து வாக்குச் சொல்லும் அழகுத்தாய்.

அழகுத்தாய் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். டீச்சரின் தமிழில் முக்கால்வாசி மலையாளம். நடுவில் பேச என்னைக் கூட்டிப்போனார். வேலந்தாவளம் பக்கம் மாட்டுத் தரகு பார்த்த குடும்பம் எங்களுடையது. இரண்டு பேருக்கு நடுவில் நிற்பது எனக்குப் பிறவித்தொழில்.

"சாமி வந்தா நீ எங்க இருப்பேன்னு கேக்கறாங்க" என்பேன்.

"விருந்தாளி வந்தா வீட்டுக்காரி அடுப்படிக்குப் போயிருவால்ல அண்ணாச்சி, அதுமாதிரி."

டீச்சர் பூரித்துப்போய் எழுதுவார். தர்காப் பெரியவரும் இதையேதான் வேறு சொல்லில் சொன்னாராம்.

ஆறாவது ஞாயிறு, அழகுத்தாய் ரெக்கார்டரைக் காட்டினாள். "அதை அமத்தச் சொல்லுங்க."

சிவப்பு விளக்கு அணைந்தது.

"மூணு வருசத்துக்கு முந்தின கொடையில ஆத்தா வரல. மேளம் அடிக்காக, சுத்தி எல்லாரும் நிக்காக, எனக்குள்ள ஒண்ணுமே இல்ல. நானாத்தான் ஆடுனேன். செல்வலட்சுமி வந்து, திருப்பூர் போன எம்புருசன் திரும்புவானான்னு கேட்டா. அவ மூஞ்சியப் பாத்து, வருவான்டி காத்திருன்னுட்டேன். அது ஆத்தா வாக்கில்ல. எம் வாக்கு. இது வெளிய போவக்கூடாது."

கடைசி வரி உட்பட அத்தனையையும் மலையாளத்தில் சொன்னேன். டீச்சர் கண் கலங்கி அவள் கையைப் பிடித்தார். "சத்தியமாயிட்டு சேச்சி. ஓஃப் ஆக்கியாச்சு."

எங்கள் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசிய விலை துண்டுக்கு வெளியே வராது. கையைப் பிடித்ததும் பேரம் முடிந்ததென்று நம்பிவிட்டேன்.

செல்வலட்சுமி என் வாடிக்கைக்காரி. காந்தலூரில் பூண்டு போடும் மணிகண்டன் இரண்டு தடவை பெண் கேட்டு வந்தும், ஆத்தா வாக்கு இருக்கிறதென்று திருப்பி அனுப்பியவள். மாதம் தவறாமல் புருஷனுக்கு ஒரு பீடிக்கட்டு வாங்கி வைப்பாள். வந்ததும் கேட்பானாம். நானும் எடுத்துக் கொடுப்பேன்.

மறு வருஷம் கொடைக்குப் பத்து நாள் இருக்கையில் கோயில் கமிட்டிக்குத் தபாலில் டீச்சரின் புத்தகம் வந்தது. 'நன்றியுடன்' என்று கையெழுத்து வேறு. மலையாளப் பள்ளியில் படித்த செயலாளர் பாண்டீஸ்வரன், நம் கோயிலைப் பற்றி என்னமோ இருக்கிறதென்று கூட்டத்தில் சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனான். அழகுத்தாய் அதில் 'மாரியம்மாள்'. செல்வலட்சுமி 'ராணி'. அந்த எஸ்டேட்டில் அருள் வருகிறவள் ஒருத்திதான், திருப்பூர் போன புருஷனுக்குக் காத்திருக்கிறவளும் ஒருத்திதான். பெயரை மாற்றி யாருக்கு என்ன மறைந்தது? பாதியில் பாண்டீஸ்வரனுக்கே குரல் இறங்கிவிட்டது.

டீச்சரைப் போனில் கூப்பிட்டேன். "ஏனுங்க டீச்சர், கையப் புடிச்சுச் சத்தியம் பண்ணுனீங்களே?"

"ரெக்கார்டிங்கில ஒண்ணும் இல்லல்லோ சேட்டா. ரூமில் போயி டைரியில எழுதியதாணு. பேரும் மாத்தி. அவங்க பொய்யின்னு நான் எழுதலை. வராத வருஷத்தை அறியறவங்களுக்குத்தான் வந்த வருஷம் நிஜம். அதான் அந்த அத்தியாயத்தோட உயிர்."

நல்ல வாதம்தான். துண்டை உதறிவிட்டு, விரலைத்தான் பிடித்தேன், விலை பேசவில்லை என்கிற மாதிரி.

கொடையன்று காலையில் அழகுத்தாய் மஞ்சள் சேலையில், கையில் வேப்பிலையோடு நின்றாள். வேண்டாமென்று சொல்லக் கமிட்டிக்குத் துணிவில்லை. மேளம் எழும்புமுன் செல்வலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"மதினி, இப்ப நிக்கிறது யாரு?"

"நாந்தான்டி."

"அப்ப நீயே சொல்லு. வருவானா?"

"தெரியாதுடி. அன்னைக்கும் தெரியாது."

செல்வலட்சுமி அழவில்லை, ஏசவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தாள். கையில் பெரிய பை.

"அவளாவது என் மூஞ்சியப் பாத்து இரக்கப்பட்டுச் சொன்னா. அந்த டீச்சரம்மா யாரோ எவளோ. நீங்க நடுவுல ஒக்காந்து கேட்டீகள்ல அண்ணாச்சி? அதுக்கப்புறமும் மாசாமாசம் பீடிக்கட்டை எடுத்து நீட்டுனீகளே, கை கூசலையா?"



பீடிக்கட்டுகள் பிதுங்கிய பையை என் காலடியில் வைத்துவிட்டு, அவள் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தாள். அடிக்கவா வேண்டாமா என்று மேளக்காரர் பாண்டீஸ்வரனைப் பார்த்தார். அழகுத்தாய் வேப்பிலையைக் கீழே போட்டாள்.