எதெல்வினாவின் பையை யார் திறப்பது?

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பேருந்தில் கிடைத்தது. சந்தை நாளில் எங்கள் மலையூரிலிருந்து கீழே நகரத்துக்குப் போகிறவர்கள் வெறும் பையோடு போய் நிறைந்த பையோடு திரும்புவார்கள். ஒரு பெண் மட்டும் நிறைந்த பையோடு போய் வெறுங்கையோடு திரும்பினாள். விற்கப் போனவள் மாதிரியும் தெரியவில்லை. பையின் வாயை இறுக்கி முடிந்து, மடியில் வைத்து, மேலே சால்வையைப் போர்த்தியிருந்தாள். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத வேண்டியிருந்திருக்காது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "மெக்சிகோவின் வஹாக்கா மலைகளில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு

(மழை வேண்டாம். குப்பையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு மழையைக் கூப்பிடுவது, கழுவி வைத்துவிட்டு எழுதலாம் என்கிற ஆசைதான்.)

2.

அவளுக்கு எதெல்வினா என்று பெயர் வைத்தேன். பைக்குள் இருப்பதையும் நானே வைக்க வேண்டியதாயிற்று. முதலில் மெஸ்கால் சாராயப் புட்டிகளை வைத்துப் பார்த்தேன். ஆனால் குடிகாரக் கணவனை எங்கள் ஊரில் யாரும் மறைப்பதில்லை. அவன்தான் சர்ச் வாசலிலேயே விழுந்து கிடப்பானே. எடுத்துவிட்டேன். அடுத்து வைத்தது நிலைத்துவிட்டது: பெரியவர்கள் கட்டிக்கொள்ளும் டயப்பர்கள்.

அவள் கணவன் அமாதோர், எல்லை தாண்டி வடக்கே கூரை வேலை செய்தவன். கூரையிலிருந்து விழுந்து, முதுகில் அடிபட்டு ஊர் திரும்பினான். நன்றாக நடக்கிறான். திருவிழா வாத்தியக் குழுவில் டூபா ஊதுகிறான். சிறுநீர் மட்டும் அவன் சொல்வதைக் கேட்பதில்லை. வெளியே தெரிந்தால் அதன்பிறகு குழுவோடு போய் நிற்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அவன் வீட்டைவிட்டு வெளியே வர மிச்சமிருக்கிற ஒரே காரணம் அந்த டூபாதான்.

ஊரே குப்பையைப் பள்ளத்தில் கொட்டியது. அவள் கொட்டவில்லை; நாய்கள் இழுத்து வந்து தெருவில் போடும். எரித்தால் நாற்றம் ஊரைக் கூட்டும். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள், குழந்தை இல்லாத வீடு, சாக்கும் சொல்ல முடியாது. அதனால்தான் பேருந்து.

3.

பள்ளத்து ஓடையில் குளித்த பிள்ளைகளுக்குச் சொறி வந்தபிறகு ஊர்ச்சபை கூடியது. இரண்டு யோசனைகள். ஒன்று, தெருமுனைகளில் மூடிபோட்ட பெரிய தொட்டிகள்; யாரும் எப்போதும் போடலாம். மற்றது, மணியடித்து வரும் வண்டி. மக்குவது, மறுபடி பயன்படுவது, மிச்சம் என்று பிரித்து அவரவர் கையால் கொண்டுவர வேண்டும், கமிட்டிக்காரர்கள் பையைத் திறந்து பார்த்துத்தான் ஏற்றுவார்கள்.

தோன் காசியானோ, அதாவது காசியானோ ஐயா, எழுந்தார். வாத்தியக் குழுவில் அமாதோருக்குப் பக்கத்தில் நின்று டிரம் அடிப்பவர். எதெல்வினாவின் மகளுக்கு ஞானத்தகப்பன். அந்த உறவில் இவளை 'கொமாத்ரே' என்பார், இவள் அவரை 'கொம்பாத்ரே' என்பாள்.

"பக்கத்து ஊர்ல தொட்டி வெச்சாங்க. செத்த நாய்லேர்ந்து கிழிஞ்ச மெத்தை வரைக்கும் அதுலதான் கிடக்கு. யாருய்யா போட்டதுன்னு கேட்டா அவனவன் வானத்தைப் பாக்கறான்!"

(அவர் சொன்னது சரி. அவரைத் தவறாகப் பேசவைக்க எவ்வளவோ முயன்றேன். ஓடை முன்னால் வந்து நின்றுகொண்டது.)

எதெல்வினா எழுந்தாள். "வேலைக்குப் போறவங்க மணிச்சத்தத்துக்குக் காத்துக்கிட்டு நிக்க முடியுமா?"

"நீ எந்த ஆபீசுக்குப் போறே கொமாத்ரே?"

சபை சிரித்தது.

"அடுத்தவங்க பையை நோண்டறது ஒரு மரியாதையா?"

"எங்க வீட்டுக் கோழி எலும்பைப் பாத்து யாரு என்னத்தைப் பண்ணப்போறாங்க? பாத்துட்டுப் போகட்டும்!"

கைகள் உயர்ந்தன. மணிவண்டி ஜெயித்தது. அப்புறம் கமிட்டிக்கு ஆள் வேண்டும். சம்பளமில்லாத ஊர்வேலை, பெயர் சொல்லிவிட்டால் மறுக்கக் கூடாது.*

"இவ்வளவு பேசினவளையே போடுங்கப்பா!" என்றது பின்வரிசை. அவளையும் காசியானோவையும் போட்டார்கள்.

* வாய் திறந்தவர் தலையில் வேலையைக் கட்டுவது இந்த ஊர் வழக்கம். நான் சபையில் பேசாமல் வீட்டில் உட்கார்ந்து எழுதுவது இதனால்தான்.

4.

வண்டி வருவது சந்தை நாளில். அன்று அவள் வண்டியடியில் நிற்க வேண்டும், அன்று மட்டும் ஓடும் பேருந்தில் போக முடியாது. பை வராத வீட்டை, இன்னும் பள்ளத்திலா கொட்டுகிறாய் என்று கேட்பார்கள்.

"நானே கொண்டாரேன்," என்றான் அமாதோர், தட்டிலிருந்த தோர்தியா ரொட்டியைத் தொடாமல்.

"வேணாம். ஏதாச்சும் வழி பண்றேன்."

"எம் மூத்திரத்தை இன்னும் எத்தனை நாளைக்கு நீ சுமப்பே?"

"நான் சுமக்கறதுல உனக்கு என்ன வந்துச்சு?" அவளுக்குக் கோபமாக வந்தது. இத்தனை காலம் அவனுக்குத் தெரியாமல் சுமப்பதாக நினைத்திருந்தாள் போல.

"பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன் இல்ல, அது வந்துச்சு."

(இங்கே அவள் அழுவதாக ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன்.)

5.

மணி அடித்தது. தெரு முழுக்க வரிசை. எதெல்வினா ஒவ்வொரு பையின் வாயையும் பிரித்து, பார்த்து, தானே திரும்ப முடிந்து, "சரி" என்றாள். வீட்டு மோலே குழம்பைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடிக்கும் கடைக்காரியின் பையில் கடைமோலே டப்பாக்கள் இருந்தன. "சரி." ஓய்வுபெற்ற வாத்தியாரின் பையில் தலைச்சாயப் பெட்டிகள். "சரி."

பக்கத்து வரிசையில் காசியானோ கடை விரித்திருந்தார். "ஏ தெலேஸ்போரோ, வாரம் பூரா முட்டையாவே தின்னு தீத்திருக்கே! கோழி பாவம்யா!"

சிரிப்பு அடங்குவதற்குள் அவள் சொன்னாள்: "கொம்பாத்ரே, பாக்கத்தான் சொன்னாங்க. வாசிச்சுக் காட்டச் சொல்லல."

அவர் முகம் சிவந்தது. அடுத்த பையை இழுத்துப் பிரித்தார்.

அப்போது அமாதோர் பையோடு வந்தான். அவள் வரிசை சின்னதாக இருந்தது. அவன் அங்கே வரவில்லை. காசியானோவின் முன்னால் போய் நின்றான். எதெல்வினாவின் கையில் வேறு யாருடைய பையோ திறந்தபடி இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

காசியானோ முடிச்சில் விரலை வைத்தார்.

6.

முதல் முடிவு: அவர் பார்த்தார், திரும்ப முடிச்சுப் போட்டார், "சரி" என்றார். (நல்ல முடிவுதான். ஆனால் பிறந்ததிலிருந்து வாயை அடக்காத மனிதரை எனக்காக அடக்கச் சொல்கிறேன்.)

இரண்டாவது: கேலியாக ஏதோ சொன்னார். தெரு சிரித்தது. அமாதோர் அதன்பின் (முடியவில்லை. எழுத மனம் வரவில்லை.)

மூன்றாவது: "அது என்னோடதுதான்" என்று அமாதோரே உரக்கச் சொன்னான். (இந்தத் துணிச்சல் என் ஆசை. விலை கொடுப்பவன் அவன்.)

மூன்றையும் விட்டுவிட்டேன். காசியானோ இன்னும் பையைத் திறக்கவே இல்லை. திறந்தது நான். எதெல்வினாவையும் அமாதோரையும் கேட்காமல், வெகு முன்பே திறந்து, உங்களிடம் காட்டிவிட்டேன். அந்தத் தெருவில் அவர்கள் இருவரைத் தவிர விஷயம் தெரிந்து நிற்பது நீங்கள் ஒருவர்தான். அமாதோருக்கு அடுத்து, உங்கள் பையைப் பிடித்தபடி நிற்கிறீர்கள்.

முடிச்சு அவிழ்வதைப் பார்க்க முடியாமல் அவன் தலையைத் திருப்புகிறான். உங்களைத்தான் பார்க்கிறான். ஏதாவது பேசுங்கள்.