விலாசத்தோடு ஒரு விண்ணப்பம்

அந்த வீடியோ வந்தபோது நான் திண்டிவனத்தில் மருந்துக்கடையில் நின்று ஒரு பெரியவருக்குச் சர்க்கரை மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். அனுப்பியது என் வீட்டுக்காரர் லூர்து பிரகாஷ். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளுக்கு வெல்டிங் அடிக்கிற வேலை அவருக்கு. லீவு முடிந்து ராத்திரி வண்டியில் திரும்பிப்போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. எந்த நாடு, எந்தத் துறைமுகம் என்று சொல்லமாட்டேன். சொன்னவரைக்கும் பட்டது போதும்.

அவர் இருந்த நாட்டுக்கும் கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டுக்கும் அப்போது சண்டை மூண்டிருந்தது. வீடியோவில் அவர் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப்பின் மொட்டைமாடி தெரிந்தது. கொடியில் வேலைச்சட்டைகள் காய்ந்தன. அதற்கப்பால் வெள்ளை வெள்ளையாய்த் தொட்டிகள். டிவிஎஸ் பிஃப்டி மேடேறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வானத்தில் றெக்கை வைத்த கறுப்புச் சாமான் ஒன்று அவசரமே இல்லாமல் வந்து தொட்டிகளுக்கு இந்தப் பக்கம் விழுந்தது. நெருப்பு எழும்பியது. போன் கையிலிருந்து தவறியது. "மாதாவே, மாதாவே" என்று அவர் குரல் மட்டும் கேட்டது.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். பின்னாலேயே அவர் பேசி அனுப்பியது வந்தது.

"எலிசா, நான் நல்லாத்தான் இருக்கறேன். இத்தப் பார்த்துட்டு அழிச்சிடு. இந்த மாதிரி வீடியோ எடுத்தவனத் தூக்கிக்கினு போயிடறானுங்க. பக்கத்து கேம்ப்புல ஒருத்தன அப்படித்தான் புடிச்சாங்க, எங்க வச்சிருக்கறாங்கன்னே தெரியல. ஏதோ பயத்துல அம்மாவுக்கும் அனுப்பிட்டேன். அவங்க போன்லயும் ஜல்தியா அழிச்சிடு."

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன். என் மாமியார் இன்னாசியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து போனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அத்தை, வீடியோ வந்துச்சா?"

"வந்துச்சுடி. ஈரக்கொலயே நடுங்கிப் போச்சு. ஒடனே அன்பியத்துல போட்டுட்டேன்."

அவர் கையிலிருந்து போனை வாங்கினேன். அன்பியம் என்றால், எங்கள் கோயிலைச் சேர்ந்த பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் செபிக்கிற கூட்டம். வாரம் ஒரு வீட்டில் கூடுவோம். போனில் அதற்கு ஒரு குரூப்பும் உண்டு. யாருக்காகச் செபிக்க வேண்டுமோ அவருடைய முழுப்பெயர், ஊர், வேலை, இன்ன கஷ்டம் என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொல்ல வேண்டும் என்பது அன்பியத் தலைவி சவேரியம்மாள் போட்ட சட்டம். விலாசம் இல்லாத கடுதாசியும் விவரம் இல்லாத விண்ணப்பமும் போய்ச் சேராது என்பார்.

மாமியார் சட்டத்தை மீறுகிறவர் இல்லை. வீடியோவைப் போட்டு அதன் கீழே பேசியும் வைத்திருந்தார்.

"சேசு மரி சூசை. திண்டிவனம் இன்னாசியம்மா பேசறேன். என் மவன் லூர்து பிரகாஷ், வெல்டரு" என்று தொடங்கி, நாட்டின் பெயர், துறைமுகத்தின் பெயர், கம்பெனியின் பெயர் எல்லாம் சொல்லி, "தெக்கால இருக்கற கேம்ப்பு. தொட்டிங்களுக்கு ரொம்பக் கிட்டக்க. இந்தப் படம் அவனே மாடில நின்னு புடிச்சது. அவனுக்காக அல்லாரும் ஒரு செபமால சொல்லுங்க" என்று முடித்திருந்தார். ஒரு போலீஸ்காரர் உட்காரவைத்துக் கேட்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்கான வாக்குமூலம் கிடைத்திருக்காது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெடப்போவது பெற்ற பிள்ளை.

எல்லாவற்றையும் அழித்தேன். அதற்குள் கீழே வரிசையாக ஆமென் விழுந்திருந்தது. யாரும் எடுத்து வைத்திருக்கக் கூடாதே என்று மாதாவிடம் கெஞ்சிக்கொண்டே அன்றைக்குச் சோறு பொங்கினேன்.

ஒருத்தன் எடுத்து வைத்திருந்தான். சவேரியம்மாள் மகன் ஆண்டோ.

ஆண்டோவுக்கு விழுப்புரத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை. மாடி ரூமில் சண்டை பற்றிப் பேசுகிற சேனல் ஒன்று நடத்துகிறான். விழுப்புரத்திலிருந்து வளவனூருக்கு பஸ்ஸில் போனாலே வாந்தி எடுக்கிறவன், எந்த ட்ரோன் எத்தனை நூறு கிலோமீட்டர் பறக்கும், எந்த ஏவுகணை எந்தக் கடலைத் தாண்டும் என்று மைக்கைப் பிடித்தால் நிறுத்த மாட்டான். தெருச்சண்டை கண்ணுக்குக் குளிர்ச்சி. அடுத்த நாட்டுச் சண்டை என்றால் கேட்கவே வேண்டாம். ஊரெல்லாம் அவனைப் பார்க்கிறது.

மறுநாள் காலையில் கடைக்கு வந்த ஒரு பையன் போனை நீட்டி, "அக்கா, இத்தப் பார்த்தீங்களா, செம ஃபுட்டேஜு" என்றான். கொடியில் என் வீட்டுக்காரரின் நீலச்சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மேலே ஆண்டோவின் சேனல் பெயர்.

நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஓடிப்போய் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினேன். ஆண்டோவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. பஸ் ஊரைத் தாண்டியதும், கீழே எழுதியிருந்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். படித்திருக்கவே கூடாது.

இது கம்ப்யூட்டரில் செய்த பொய்ப்படம், நெருப்பைப் பார்த்தாலே தெரிகிறது என்று பாதிப் பேர். உங்க ஆளுக்கு அடி விழுந்தால் உடனே பொய்யா என்று மீதிப் பேர். ஒருத்தன் அம்மாவை ஒருத்தன் இழுத்தான். ஒருத்தன் வந்து, நிழல் விழுகிற பக்கத்தை வைத்து இது காலை நேரம் என்றான். இன்னொருத்தன் மேப்பில் தொட்டிகளைத் தேடிப் பிடித்து வட்டம் போட்டிருந்தான். அதற்குக் கீழே எவனோ முகமில்லாதவன் எழுதியிருந்தான்: 'கொஞ்சம் தெற்கே தள்ளி விழுந்துவிட்டது. அடுத்த முறை சரியாகப் போடுவார்கள்.' அதற்குச் சிரிக்கிற பொம்மைகள் நூற்றுக்கணக்கில்.

தெற்கே இருப்பது கேம்ப்பு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். இந்த மனுஷியிடம் சொல்லி அழலாமா என்றுகூட நினைத்தேன். சொன்னால் அவரும் எதிலாவது போட்டுவிடுவாரோ என்று வாயை மூடிக்கொண்டேன். அவரைப் பெற்றவள் தொடங்கி மல்லாட்டைக்காரி வரைக்கும் எல்லாரைப் பார்த்தாலும் பயமாக இருந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது ஆண்டோ நேரலைக்கு வந்தான்.

"ஃபேக்குன்னு சொன்ன புத்திசாலிங்களுக்கு இன்னைக்கு ஆதாரத்தோட வந்திருக்கறேன். படம் எடுத்தவரோட அம்மாவே பேசறாங்க, கேளுங்க" என்றான். என் கையிலிருந்த போனிலிருந்து என் மாமியார், "சேசு மரி சூசை" என்று ஆரம்பித்தார். பெயர், நாடு, துறைமுகம், கம்பெனி, தெக்கால கேம்ப்பு. ஒன்று விடாமல். ஒரு வாக்குவாதத்தில் ஜெயிப்பதற்காக அந்தக் கட்டையில போறவன் என் புருஷனை எடுத்து நடுத்தெருவில் வைத்துவிட்டான்.

அவன் கடை மாடியேறிப் போய் விளக்கு ஸ்டாண்டை ஒரே தள்ளாகத் தள்ளினேன். மைக்கு உருண்டது.

"அக்கா, லைவ்ல இருக்கறேன்க்கா."

"மொதல்ல அத்த நிறுத்துடா. உங்கம்மா சொல்லிக்குடுத்த செபமாடா இது? அங்க எங்க வீட்டுக்காரரத் தூக்கிக்கினு போனா நீ போய் ஜெயில்ல உக்காருவியா?"

"பேரு சொன்னா தப்பாக்கா? பாவம், ரியல் வீடியோவப் போயி பொய்யின்னு…"

"உனக்கு ரியலு வேணும், எனக்கு ஆளு வேணும்டா."

அப்போதுதான் அவன் முகம் வெளுத்தது. கெட்டவன் இல்லை, புத்தி கெட்டவன். வீடியோவையும் நேரலையையும் அழித்தான். அழித்த பிறகு மெதுவாகச் சொன்னான்.

"நான் அழிச்சிட்டேன்க்கா. ஆனா எடுத்து வேற எடத்துல போட்டுக்கினு இருக்கறாங்களே, அவங்கள நான் இன்னா பண்ண முடியும்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்த நேரத்தில் என் வீட்டுக்காரரிடமிருந்து எழுத்தில் ஒரு செய்தி வந்தது. கேம்ப்புக்கு ஆள் வந்து போனையெல்லாம் வாங்கிப் பார்க்கப்போகிறார்களாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டாராம். தானாகக் கூப்பிடுகிறவரைக்கும் கூப்பிட வேண்டாமாம். படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஆண்டோ தண்ணீர் கொடுத்தான்.

பஸ்ஸில் படித்தது நினைவுக்கு வந்தது. பொய்ப்படம் என்று கத்தினார்களே, அந்தப் பாதிப் பேர். காலையில் அவர்களையும் திட்டினேன். இப்போது அவர்கள்தான் எனக்குத் தெய்வமாகத் தெரிந்தார்கள். அவர்கள் ஜெயிக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு ஆள்தான் வாயைத் திறக்க வேண்டும்.

ஆண்டோவை இழுத்துக்கொண்டு திண்டிவனம் திரும்பினேன். மாமியாரிடம் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. கடையில் சில்லறை கூடக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருகிற மனுஷி அவர்.

"செபத்துல பொய் சொன்னேன்னு சொல்லச் சொல்றியா? கோயிலுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கினு போறது?"

"உங்க மவன் உசுரோட வேணுமா, வேணாமா அத்தை? அத்த மட்டும் சொல்லுங்க."

செபப்பீடத்துக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு முந்தானையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஆண்டோ போனைப் பிடித்தான்.

"நான்தான் இன்னாசியம்மா. நான் சொன்னது பொய். அது கம்ப்யூட்டர்ல செஞ்ச படம். லீவுல வந்த என் மவன் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போவவே இல்ல, வீட்லதான் இருக்கறான். பேரு வரட்டும்னு ஊர ஏமாத்திட்டேன்." அதற்குமேல் யாரும் சொல்லித்தரவில்லை, அவராகவே கோயிலில் பாவத்தை ஒப்புக்கொள்ளும்போது செய்வதுபோல மூன்று முறை மார்பில் தட்டிக்கொண்டார்.

ஆண்டோ அதைத் தன் சேனலில் போட்டான். அப்பப்பா, எத்தனை வசவு. கிழவிக்குக் கொழுப்பு, சாகப்போகிற வயதில் விளம்பரம் தேவையா, இதுக்குப் பேர் செபமா, போலீஸில் பிடித்துக் கொடுங்கள். ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க எனக்கு மூச்சு வந்தது. திட்டுங்கடா, இன்னும் நல்லாத் திட்டுங்க என்று சொல்லிக்கொண்டேன். பொய் என்று சொன்னவர்கள் ஜெயித்த சந்தோஷத்தில் ஆடினார்கள். உண்மை என்று சொன்னவர்கள் சத்தமில்லாமல் வேறு வீடியோவுக்குப் போய்ச் சண்டை போட்டார்கள். ஓரிரு நாளில் எல்லாரும் எங்களை மறந்துபோனார்கள்.

அன்பியம் மறக்கவில்லை. சவேரியம்மாள் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போனார். மகனிடமிருந்து உண்மையைக் கேட்டிருந்தால் இவ்வளவு பேசியிருக்கமாட்டார். அவர் வாய்க்குப் பயந்து, அம்மாவிடமும் மூச்சு விடக்கூடாது என்று ஆண்டோவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். "அல்லாரும் முட்டி போட்டு அழுதாங்கம்மா. ஆண்டவர்கிட்ட வெளையாடலாமா?" என்றார். மாமியார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கூப்பிடாதே என்றவர் கூப்பிடவுமில்லை. பிடித்துக்கொண்டு போயிருப்பார்களோ, போனை மட்டும் பிடுங்கியிருப்பார்களோ என்று மருந்துக்கடையில் நின்றபடியே கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடை டிவியில் அந்தத் துறைமுகத்தின் பெயரைச் சொன்னார்கள். விடிகாலையில் ட்ரோன்கள் கூட்டமாக வந்தனவாம். தொட்டிகள் எரிகின்றனவாம். தொழிலாளர் குடியிருப்பிலும் விழுந்ததாம். எத்தனை பேர் என்று தெரியவில்லையாம்.

அவர் சொன்னதை மீறிக் கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. மறுபடி, மறுபடி. கம்பெனி நம்பரும் போகவில்லை. தூதரக உதவி நம்பரில் ஒரு பெண் பெயரையும் பாஸ்போர்ட் நம்பரையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பட்டியல் இன்னும் வரவில்லை, காத்திருங்கள் என்றாள். எப்படிக் காத்திருப்பது என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாமியார் புடவை மாற்றிக்கொண்டு நின்றார். டிவி பார்த்திருக்கிறார். அன்றைக்கு மாலை அன்பியம் சவேரியம்மாள் வீட்டில்.

"நான் போய் உண்மையச் சொல்லப் போறேன்டி. அல்லாரும் சேந்து கேட்டாத்தான் கேக்கும்."

"அத்தை, வேணாம். அங்க வாய்ல சொல்றதயும் குரூப்புல போடறாங்க. அவரு உசுரோட இருந்தா, நீங்க சொல்றது அவர மாட்டி வுட்டுடும்."

"உசுரோட இல்லன்னா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன்.

செபமாலை தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவராக விண்ணப்பம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் போனை உயர்த்தி, வராதவர்களுக்காகப் பதிவு செய்துகொண்டிருந்தாள். ஒருவர் முழங்கால் வலிக்குக் கேட்டார். ஒருவர் பத்திரப்பதிவு முடிய வேண்டும் என்றார். ஆண்டோ மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் செய்தி தெரியும். மாமியாரின் முறை வந்தது. இந்தக் கிழவி இன்றைக்கு என்ன புளுகப்போகிறதோ என்று எல்லா முகமும் திரும்பியது. அவர் எழுந்து நின்றார். உதடு பிரிந்தது. "என் மவன்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என் மவன் வீட்லதான் இருக்கறான். தூங்கறான். எனக்குக் கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவர் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. சவேரியம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார். அடுத்த வீட்டுக்காரி, தன் மகள் எழுதியிருக்கும் நர்சிங் பரீட்சைக்காக எல்லாரும் வேண்டிக்கொள்ளும்படி, பெயரையும் ஊரையும் காலேஜையும் விவரமாகச் சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் மற்றவர்களோடு சேர்ந்து அந்தப் பெண்ணுக்காகச் செபித்தோம்.