வீரம்மாளை ரயில் ஏற்றிய கதை

1

இந்தக் கதை என்னுடையதல்ல. 1966-இல் விழுப்புரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குக் கிடைத்தது. பக்கத்து இலையில் அமல்ராணி என்கிற பள்ளி ஆசிரியை உட்கார்ந்திருந்தார். நான் கதை எழுதுகிறவள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள். ரசத்துக்குக் காத்திருந்தபோது சொன்னார்:

"திண்டிவனத்துல எங்ககூட கிருஷ்ணவேணின்னு ஒரு டீச்சர் இருந்தாங்க. அவங்களும் கதை எழுதுவாங்க. லீவு உட்டா போதும், எழுதறதுக்கு வெளிநாடு போயிடுவாங்க."

நான் கப்பலை நினைத்தேன். கம்பளிக் கோட்டுகளை நினைத்தேன். "எந்த நாடுங்க?" என்றேன்.

"புதுச்சேரிதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "அப்போ அது பிரெஞ்சுக்காரன் ஊருங்க. நடுவுல சாவடி, போலீசு, பர்மிட்டு எல்லாம் இருந்துச்சு. வெளிநாடு இல்லாம வேற என்னா?"

பாயசம் வருவதற்குள் அவர் சொல்லி முடித்ததை எழுத எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. இன்னும் முடியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "மே மாதத்து வெயிலில் பேருந்து கிளியனூரைத் தாண்டியது. கிருஷ்ணவேணி ஜன்னலோரம்—"

இதை விட்டுவிட்டேன். அவள் ஏன் போகிறாள் என்று தெரியாமல் பேருந்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

இரண்டாம் தொடக்கம்: "எழுதுவதற்கு ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும்? தனிமை வேண்டும், அப்புறம்—"

இது கட்டுரை. இதையும் விட்டேன்.

நேராகவே சொல்கிறேன். கிருஷ்ணவேணிக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் சொந்த ஊர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலை, மண்டித் தெருவில் வாடகைக்கு ஒரு போர்ஷன். வேறொரு பெயரில் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவாள். அது அமல்ராணிக்கு மட்டும்தான் தெரியும். (பந்தியில் நானும் 'அவர்' என்றுதான் பேசினேன். தாளில் எழுதும்போது 'அவள்' ஆகிவிட்டாள். கதைக்குள் வந்த பிறகு மரியாதை கொடுத்தால் கிட்டே போக முடிவதில்லை.)

ஊரில் அவள் டீச்சர். தண்ணீர் பிடிக்கிற இடத்திலும் டீச்சர், கோயில் வாசலிலும் டீச்சர். புதுச்சேரியில் அவள் யாருமில்லை. அங்கே சவுரியம்மாள் என்று ஒரு கைம்பெண் காலையில் ஆப்பம் சுட்டு விற்பாள். அவள் வீட்டு மாடியறையில் கிருஷ்ணவேணி கோடை முழுக்கத் தங்குவாள். தெருவில் பிரெஞ்சில் பேசிக்கொண்டு போவார்கள், ஒரு வார்த்தை புரியாது. புரியாத பேச்சுக்கு நடுவே உட்கார்ந்தால்தான் தன் தமிழ் தனக்குக் கேட்கிறது என்று அமல்ராணியிடம் சொல்லியிருக்கிறாள்.

3

இனி வீரம்மாள்.

கிருஷ்ணவேணியின் போர்ஷனுக்கும் அடுத்த வீட்டுக்கும் ஒரே சுவர். அடுத்த வீட்டில் சின்னதுரை இருந்தான். மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி வைத்திருந்தவன். அவன் மனைவி வீரம்மாள். சின்னதுரை குடிகாரன் அல்ல, ஊரில் நல்ல பெயர். ஆனால் கோபம் வந்தால் கை முன்னே போய்விடும். ஒருநாள் அறைந்த அறையில் வீரம்மாளுக்கு இடது காது கேட்காமல் போயிற்று. சுவருக்கு இந்தப் பக்கம் கிருஷ்ணவேணி அதைக் கேட்டாள்.

1953 கோடையில் அவள் புதுச்சேரி கிளம்பியபோது வீரம்மாளையும் கூட்டிக்கொண்டு போனாள். விடியற்காலைப் பேருந்து. சாவடியில் அப்போது அவ்வளவு கெடுபிடி இல்லை. வீரம்மாள் சவுரியம்மாள் வீட்டில் மாவாட்டிக் கொடுத்துக்கொண்டு தங்கிவிட்டாள். பெண்டாட்டி பெருமுக்கல்லில் தாய்வீட்டில் இருக்கிறாள் என்று சின்னதுரை ஊரில் சொல்லிக்கொண்டான். அவள் எங்கே என்பது அவனுக்குத் தெரியாது.

(இங்கேதான் எனக்குச் சந்தேகம். கிருஷ்ணவேணி இரக்கப்பட்டுத்தான் அவளைக் கூட்டிப்போனாளா? வீட்டைவிட்டுப் போகிற ஒருத்தி அப்புறம் என்ன செய்வாள் என்று பார்க்கும் ஆசையும் கொஞ்சம் இருந்திருக்குமா? எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். இரண்டும் இருந்திருக்கும். அமல்ராணியிடம் இதைக் கேட்டேன். "அப்டியெல்லாம் பேசாதீங்க" என்று இலையை மூடிவிட்டார்.)

4

1954, மே.

அந்த வருடம் எல்லை கொதித்துக்கொண்டிருந்தது. இந்தியாவோடு சேர வேண்டும் என்பவர்களுக்கும் கூடாது என்பவர்களுக்கும் அடிதடி. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சாமான் போகக்கூடாது. ஆள் போகப் பர்மிட் வேண்டும். கிருஷ்ணவேணி உறவினரைப் பார்க்க என்று எழுதிப் பர்மிட் வாங்கியிருந்தாள்.

பேருந்து கிளியனூரில் நின்றபோது சின்னதுரை ஏறினான்.

"டீச்சரா? லீவு உட்டாச்சா?" என்று அவளுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தான். கிருஷ்ணவேணி பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். அவனே குனிந்து மெல்லச் சொன்னான்: "உங்களுக்கு இன்னா மறைக்கிறது, டீச்சர். பக்கத்துலயே இருக்கறவங்க. அவ தாய்வீட்டுல இல்ல. புதுச்சேரி மார்க்கெட்டுல பாத்ததா ஒருத்தரு சொன்னாரு. அதான் தேடிக்கினு போறேன்."

"எந்தப் பக்கம் பாத்தாராம்?"

"அதெல்லாம் தெரியல. தெருத் தெருவா கேட்டுப் பாக்க வேண்டியதுதான்."

சாவடி வந்தது. எல்லாரையும் இறக்கி வரிசையில் நிற்கவைத்தார்கள். பெரியநாயகம் என்ற இன்ஸ்பெக்டர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணவேணியின் பையிலிருந்து வெள்ளைத்தாள் கட்டு ஒன்றையும் மைப்புட்டி ஒன்றையும் வெளியே எடுத்து வைத்தார். தாளில் ஓர் எழுத்து இல்லை.

"உறவுக்காரங்களைப் பாக்கப் போறவங்களுக்கு எதுக்கும்மா இவ்ளோ காயிதம்? அங்க நோட்டீசு அடிக்கிறவனுங்க இதுக்குத்தான் பறக்கறானுங்க. எந்தக் கட்சிக்கு எடுத்துக்கினு போறீங்க?"

"கட்சியெல்லாம் இல்லீங்க."

"சரி. உறவுக்காரங்க யாரு? எந்தத் தெரு, எந்த வீடு? சத்தமா சொல்லுங்க, ரைட்டர் எழுதிக்கட்டும். ஆளு அனுப்பி விசாரிக்கணும்."

அவளுக்குப் பின்னால் சின்னதுரை நின்றான். அவன் மூச்சு அவள் பிடரியில் பட்டது என்று எழுதியிருந்தேன். (அடித்துவிட்டேன். அவ்வளவு கிட்டத்தில் நின்றிருக்க மாட்டான். ஆனால் காதில் விழும் தூரம்தான்.)

தெருவைச் சொன்னால் வீரம்மாள் அகப்பட்டுக்கொள்வாள். பொய்த் தெரு சொன்னால் பர்மிட்டில் இருக்கும் விலாசத்தை அவர் பார்த்துவிடுவார். அதனால், இத்தனை வருடம் மூடி வைத்திருந்ததை அவசரமாக எடுத்துக் கொட்டினாள்.

"நான் கதை எழுதறேங்க. அதுக்குத்தான் காயிதம்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கதையா? என்னா கதை எழுதப் போறீங்க?"

"இன்னும் எழுதலீங்க."

"மனசுல இருக்கும்ல? சொல்லுங்க. கதை வந்துச்சுன்னா காயிதம் உங்களுது. வரலன்னா காயிதமும் இங்க, நீங்களும் இங்க."

5

என் முதல் பிரதியில் அவள் ஒரு நரிக்கதையைச் சொல்லித் தப்பித்தாள். பள்ளிக்கூட டீச்சர், நூறு கதை தெரியும், சொல்லக் கூடாதா?

எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்தேன். அமல்ராணி சொன்னது அப்படியில்லை. ஒரு வருடமாக ஒரே ஒருத்தியைச் சுமந்துகொண்டிருந்தவளின் வாயில், நெருக்கிக் கேட்கும்போது வேறு யார் வருவார்கள்?

"ஒரு ஊர்ல ஒரு பொம்பளை" என்று ஆரம்பித்தாள். "புருசன்காரன் நல்லவன்தான். கோவம் வந்தா அடிப்பான். ஒருநாள் அடிச்சதுல அவளுக்கு ஒரு காது—"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. பின்னால் ஒரு செருப்பு மண்ணில் நகர்ந்தது. அவள் திரும்பவில்லை.

"காது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கேக்காம போச்சு."

"அப்புறம்?"

"ஒருநா விடியக்காலம் கதவச் சாத்திட்டுக் கிளம்பிட்டா."

"எங்க போனா?"

வரிசையில் சிரித்தவர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண் எங்கே போனாள் என்பது கிருஷ்ணவேணிக்கு நன்றாகத் தெரியும். இதே ரோட்டில், இதே சாவடி வழியாக, கிருஷ்ணவேணியின் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே போனாள்.

"விழுப்புரம் போனா. ஜங்ஷன்ல ரயில் ஏறிட்டா."

"எந்த ரயிலு?"

இந்தக் கேள்வி மேசைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

கிருஷ்ணவேணி திரும்பினாள். சின்னதுரை தலைத்துண்டைக் கையில் எடுத்து வைத்திருந்தான். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெக்கால போற ரயிலு" என்றாள்.

"எந்த ஊருக்கு டிக்கெட்டு எடுத்தா?"

"அது எனக்கே தெரியலீங்க."

"நீ யாருய்யா நடுவுல?" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். அவருக்குச் சலித்துவிட்டது. "பாதிக் கதைதான் இருக்குது. மீதிய அங்க போயி எழுதுங்க" என்று தாள்கட்டை அவள் பக்கம் தள்ளினார்.

எல்லாரும் மறுபடி ஏறினார்கள். சின்னதுரை ஏறவில்லை. மேலே வைத்திருந்த பையை நடத்துனரிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். பேருந்து நகர்ந்தபோது, திரும்பிப் போகும் வண்டிக்காக ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் நின்றான்.

6

நல்ல கதையென்றால் இங்கே முடிந்திருக்கும். ஒரு பொய்க்கதை ஒரு பெண்ணைக் காப்பாற்றியது, முற்றும். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்திருக்கும்.

ஆனால் கிருஷ்ணவேணி அன்று மத்தியானம் சவுரியம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். கிணற்றடியில் உட்கார்ந்து வீரம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தன் சாமர்த்தியத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பாள். வீரம்மாள் கேட்கிற காதைத் திருப்பி வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"மெலிஞ்சிட்டாரா?"

"யாரு?"

"அவருதான்."

கிருஷ்ணவேணிக்கு ஆத்திரமாக வந்தது. "உன் காத மறந்துட்டியா?"

"அத எப்டி மறப்பேன், டீச்சர்? தெனம் அந்தப் பக்கம் கூப்புட்டா கேக்கல. நான் கேட்டது வேற." வாளியை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அவரு நம்பிடுவாரு. ஊர் ஊரா இறங்கித் தேடிக்கினு இருப்பாரு. தெக்கால எனக்கு யாரு இருக்காங்க?"

அந்தக் கோடையில் கிருஷ்ணவேணி ஒரு வரிகூட எழுதவில்லை. அவள் மனதில் வைத்திருந்த வீரம்மாள் இப்படிக் கேட்கிறவள் இல்லை.*

* நான் மனதில் வைத்திருந்தவளும் இல்லை. 'மெலிஞ்சிட்டாரா' என்ற சொல்லை இரண்டு பிரதிகளில் எடுத்துப் பார்த்தேன். எடுத்தால் கதை வழவழவென்று ஆகிவிடுகிறது. வீரம்மாள் காணாமல் போகிறாள்.

7

பள்ளி திறந்தது. வீரம்மாள் சொன்னபடியே ஆயிற்று. சின்னதுரை மண்டியைப் பாதி நாள் பூட்டிவிட்டு விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய்விடுவான். தெற்கே போகிற வண்டிகளில் வருகிறவர்கள் போகிறவர்களிடம் விசாரிப்பான். விருத்தாசலம், அரியலூர் என்று இறங்கித் தேடிவிட்டு வருவான். ஊர் அவனுக்குப் பைத்தியம் என்றது.

திரும்பி வந்தால் கிருஷ்ணவேணியின் வாசலில் நிற்பான். உள்ளே வர மாட்டான்.

"டீச்சர், அந்தக் கதைய எழுதிட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"எழுதுனா அவ எங்க எறங்குனான்னு சொல்லுங்க."

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தன்னை வதைக்கத்தான் கேட்கிறான் என்று சில நாள் நினைத்தாள். இவன் ஒன்றும் தெரியாத அப்பாவி என்று சில நாள் நினைத்தாள். இரண்டாவதுதான் அவளை அதிகம் வதைத்தது. சுவருக்கு அப்பால் இப்போது அடிக்கிற சத்தம் இல்லை. ஒருத்தன் தனியாகச் சோறு பொங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அமல்ராணியைக் கேட்டாள். அப்போது அமல்ராணிக்கு இருபத்திரண்டு வயது. "வாணாங்க்கா, மறுபடி கை நீட்டுனா யாரு பொறுப்பு?" என்றிருக்கிறார். சரியான கேள்விதான்.

8

நவம்பர் பிறந்ததும் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. சாவடியில் ஆள் இல்லை. தடைக்கட்டையைத் தூக்கி ஓரமாகப் போட்டார்கள். திண்டிவனத்தில் கொடி கட்டி மிட்டாய் கொடுத்தார்கள். பள்ளியில் கிருஷ்ணவேணிதான் பிள்ளைகளுக்கு மிட்டாய் பங்கிட்டாள். ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை கொடுத்தது அமல்ராணிக்கு மட்டும் தெரிந்தது. வெளிநாடு இல்லாமல் போய்விட்டது. இனி யாரும் யாரையும் கேட்காமல் பேருந்து ஏறலாம், எந்தத் தெருவிலும் இறங்கலாம்.

இங்கே நான் ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். சின்னதுரை புதுச்சேரி போகிறான், ஆப்பக் கடையில்—

வேண்டாம். நடந்தது வேறு.

சில நாள் கழித்து, முதல் மணி அடிப்பதற்கு முன், கிருஷ்ணவேணியும் அமல்ராணியும் பள்ளி வாசலில் நின்றிருந்தார்கள். புதுச்சேரிப் பேருந்து வந்து நின்றது. வீரம்மாள் இறங்கினாள். தனியாக, கையில் ஒரு பை, தலையில் முக்காடுகூட இல்லை. தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவள் நேராக, பள்ளி வாசலிலிருந்தே தெரிகிற மண்டிப் பக்கம் நடந்தாள்.

கிருஷ்ணவேணி ஓடிப்போய் வழிமறித்தாள். "நானும் வர்றேன்."

"நீங்க வாணாம், டீச்சர்."

"போயி என்னா சொல்லப் போற?"

"தெரியல. அவரு மூஞ்சப் பாத்தாத்தான் தெரியும்."

"மறுபடியும் அடிச்சா?"

"அடிச்சா நான் பாத்துக்கிறேன். நீங்க உள்ள போங்க, மணி அடிக்கப் போறான்."

9

அதற்கு அடுத்த மாதமே அமல்ராணிக்கு விழுப்புரத்துக்கு மாற்றல். பிறகு அவர் காதுக்கு இரண்டு விதமாக வந்தது. வீரம்மாள் அவனோடு இருந்துவிட்டாள், மண்டியை மூடிவிட்டு இரண்டு பேரும் பெருமுக்கல்லுக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு பேச்சு. நின்றபடியே நாலு வார்த்தை பேசிவிட்டு அடுத்த பேருந்திலேயே திரும்பினாள், அதன் பிறகு சின்னதுரை ஜங்ஷன் பக்கம் போகவில்லை என்று இன்னொரு பேச்சு. கிருஷ்ணவேணி இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. கதையும் எழுதவில்லை.

போன மாதம் திண்டிவனம் போனேன். மண்டி இருந்த இடத்தில் சைக்கிள் கடை இருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டால் எழுதிவிடுவேன்.

அன்று பந்தி முடிந்தபோது அமல்ராணியிடம் மட்டும் ஒன்று கேட்டேன். மண்டி வாசலில் வீரம்மாள் தங்க வந்தவள் மாதிரி செருப்பைக் கழற்றினாளா, காலில் போட்டபடியே உள்ளே போனாளா? பள்ளி வாசலிலிருந்து பார்த்தால் தெரிந்திருக்குமே.

கையலம்பிக்கொண்டிருந்தவர் சொம்பைக் கீழே வைத்தார். "ஞாபகம் இல்லீங்க" என்றார்.

நீங்களும் அந்தப் பள்ளி வாசலில்தான் நிற்கிறீர்கள். மணி இன்னும் அடிக்கவில்லை. வீரம்மாள் மண்டிப் படிக்கு வந்துவிட்டாள். அவள் காலைப் பாருங்கள்.