நாரைக்கு ஒரு வாரக் கெடு

அந்த வீட்டில் மருந்து அடிக்கிற மெஷினுக்கு நாரை என்று பெயர். டிராக்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, இரண்டு நீளமான இரும்புக் கைகளை மடக்கி வைத்திருக்கும். வயலுக்குள் வந்ததும் கைகளை விரித்தால், பறக்கப்போகிற நாரையேதான். ஒவ்வொரு கையிலும் மருந்தைப் பீய்ச்சுகிற எட்டு நாசில். நடுவில், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து இப்போது பழைய பல்லின் நிறத்துக்கு வந்துவிட்ட டேங்க். வாங்கி இருபத்தொரு வருஷம் ஆகிவிட்டது.

அதை ஓட்டுகிறவளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிடும். நாத்தனார் ஒருத்தி கூப்பிட ஆரம்பித்தது, விதைக்கடைக்காரர், பால்வண்டி டிரைவர் என்று பரவி, கடைசியில் அவளைவிட மூத்தவர்களும் அண்ணி என்றே அழைத்தார்கள். உழுவது, விதைப்பது, அறுப்பது எல்லாம் வீட்டுக்காரர் பாடு. மருந்து அடிப்பது மட்டும் அண்ணி. அதற்கு நேர்கோட்டில் போகத் தெரிய வேண்டும். அவர் ஓட்டினால் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி இருக்கும். ஓரிடம் இரண்டு தரம் நனையும், பக்கத்திலேயே ஒரு பட்டை காய்ந்து கிடக்கும். கல்யாணமான புதிதிலேயே இதைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கை அவள் வாங்கிக்கொண்டாள். அவரும் தப்பித்தோம் என்று கொடுத்துவிட்டார்.

உருளைக்கிழங்கு நடுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது, டேங்கில் வெறும் தண்ணீரை நிரப்பி ஓடவிட்டுப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் பின்னால் நின்று, "இடது பக்கம் ஒழுகுது, இடது பக்கம் ஒழுகுது" என்று நூறு தடவை சொல்லிக்கொண்டிருந்தார். நூற்றியோராவது தடவை சொல்ல வாயைத் திறந்தபோது ஒரு ஹோஸ் படாரென்று கழன்று, அவர் வாய்க்குள்ளேயே பீய்ச்சி அடித்தது.

தலை முதல் கால் வரை நனைந்து, மீசையிலிருந்து சொட்டச் சொட்ட அவர் சொன்னார்: "இந்த வீட்ல ஒண்ணு இது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"எப்ப கிளம்புறீங்கன்னு சொல்லுங்க. பெட்டி எடுத்து வைக்கிறேன்" என்றாள் அண்ணி.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை மூன்று நாள் ஓடியது. புதுசு வாங்கியே தீர வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். நாரைக்கு என்ன குறைச்சல் என்று அவள் மறுகாலில் நின்றாள். அவர் ஒழுகலைச் சொன்னால், அவள் அவருடைய சளியைச் சொன்னாள். அவர் துருவைச் சொன்னால், அவள் அவருடைய நரையைச் சொன்னாள். "வயசாச்சுன்னு தூக்கிப் போடணும்னா வரிசையில யார் முதல்ல நிக்கணும்னு யோசிச்சுப் பேசுங்க" என்று ஒரு போடு போட்டாள். ஆனாலும் மறுநாள் காலை பல் விளக்கும்போதே மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

நாலாம் நாள் நாத்தனார் வந்து சேர்ந்தாள். வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன நிலம் அவளுடையது. தக்காளி, கோஸ், ஓரமாகப் பத்துப் பதினைந்து பழமரங்கள். புருஷன் கப்பல் வேலைக்குப் போனால் வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பார். அதனால் நிலம், வீடு, ஒரு குட்டி டிராக்டர் எல்லாம் அவள் ஒருத்தி பொறுப்பு. அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்து இரண்டு தரப்பையும் முழுசாகக் கேட்டாள்.

"அண்ணே, நீ அந்த மெஷினைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு?"

"அது... ஒரு இருபது வருஷம் இருக்கும்."

"அண்ணி, நீங்க புது மெஷின்ல எப்பவாவது உக்காந்திருக்கீங்களா?"

"எனக்கெதுக்கு அது?"

"நல்லா இருக்கு. தெரியாததைத் திட்டுறதுல ரெண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்" என்றாள் நாத்தனார். "ஒரு வாரம் கெடு. அண்ணன் நாரையைக் கழட்டி, எங்கெங்க கெட்டுப்போயிருக்குன்னு கண்டுபிடிக்கட்டும். அண்ணி புதுசை ஓட்டிப் பார்த்துக் குத்தம் கண்டுபிடிக்கட்டும். அப்புறம் சண்டை போட்டா ஆதாரத்தோட போடலாம். நான்தான் அம்பயர்."

இரண்டு பேருக்குமே அது பிடித்திருந்தது. எதிராளியின் குடுமி தன் கைக்கு வந்துவிட்டதாக இரண்டு பேரும் நினைத்தார்கள்.

வீட்டுக்காரர் மறுநாளே ஷெட்டில் நாரையை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டார். போகிற வருகிற அண்ணியிடம், "பம்ப் போயே போச்சு, பாரு" என்று சவால் விட்டபடியே பம்பைத் திறந்தார். உள்ளே எண்ணெய் தேன் மாதிரி சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு பருவமும் முடிந்தவுடன் அண்ணி மாற்றிவிடுவாள் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் மூடியைத் திரும்ப முடுக்கினார்.

அடுத்து நாசில். பதினாறுக்கும் கீழே பதினாறு பாத்திரம் வைத்து, ஒரு நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டு, எதில் எவ்வளவு விழுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். ஒரே அளவில் விழுந்தால் மெஷின் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தம். அளவு ஜாடி, சாஸ் பாட்டில், பூச்சாடி, டீ கெட்டில், அவர் ஷேவிங் மக் வரை சமையலறையும் குளியலறையும் காலியாகி ஷெட்டில் வரிசை கட்டி நின்றன. நாத்தனார் கையில் கடிகாரத்தோடு "ரெடி, ஓடு!" என்றாள். மூன்று பேரும் நனைந்தார்கள். யார் எதை அளந்தார்கள் என்று குழம்பி, திரும்ப அளந்து, சிரித்து, மறுபடி குழம்பினார்கள். கடைசியில் கணக்கு இதுதான்: பன்னிரண்டு நாசில் ஒழுங்கு, மூன்று தேய்ந்து போய் அதிகமாக ஊற்றுகிறது, ஒன்றில் அடைப்பு.

"இவ்வளவுதானா?" என்றார் வீட்டுக்காரர். கேட்ட குரலில் ஏமாற்றம் இருந்ததா சந்தோஷம் இருந்ததா என்று அண்ணிக்குப் பிடிபடவில்லை.

அதற்கப்புறம் மனிதர் காலை காபியைக்கூட ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். நாலு புது நாசில் வந்தது. புது ஹோஸ் வந்தது. குற்றம் கண்டுபிடிக்கப் போனவர் துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் ஜன்னல் பக்கமாகப் போனபோது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. "கொஞ்சம் பொறுத்துக்கடா ராஜா, இந்த ஒரு நட்டுதான், முடிஞ்சுது" என்று நாரையிடம் கொஞ்சிக்கொண்டிருந்தார். தன்னை ஒருநாளாவது இப்படிக் கொஞ்சியிருப்பாரா என்று நினைத்து அண்ணி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஆனால் அவள் கதையும் அந்த லட்சணத்தில்தான் இருந்தது.

கெடுவின் ஐந்தாம் நாள், கம்பெனியிலிருந்து ஒரு பெண் லாரியில் புது மெஷினைக் கொண்டுவந்து இறக்கினாள். அதிகம் பேசாத பெண். அண்ணியின் டிராக்டரிலேயே மாட்டி, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னத் திரையைப் பொருத்தி, டேங்கில் தண்ணீர் நிரப்பி, "ஓட்டிப் பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வரப்பில் போய் நின்றுகொண்டாள்.

"பத்துக் குத்தமாவது கண்டுபிடிக்காம நான் இறங்கப் போறதில்ல" என்றாள் அண்ணி.

"தாராளமா பாருங்க."

முதல் குற்றம் உடனே கிடைத்தது: ஏறி உட்காரும்போது திரை முழங்காலில் இடிக்கிறது. இரண்டாவதைத் தேடிக்கொண்டே வயலின் கோடிவரை போனாள். அங்கே நிலம் கோணலாக முடியும். நாரையாக இருந்தால் இந்த இடத்தில் கழுத்தை வலது பக்கம் முழுசாகத் திருப்பி, பின்னால் கையை நீட்டி, இரும்புக் கையின் ஒவ்வொரு பகுதிக்கும் மருந்தை நிறுத்துகிற லிவரைச் சரியான நொடியில் மூட வேண்டும். பழக்கதோஷத்தில் கை பின்னால் போனது. அங்கே லிவர் இல்லை. திரும்பிப் பார்ப்பதற்குள், நிலம் முடிந்த இடத்தில் நாசில்கள் ஒவ்வொன்றாகத் தானே வாயை மூடிக்கொண்டன. அவள் டிராக்டரைத் திருப்பினாள். ஒவ்வொன்றாகத் தானே திறந்துகொண்டன.

அண்ணி அப்படியே பிரேக் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இருபத்தொரு வருஷமாக அந்தக் கழுத்து வலது பக்கம் திரும்பித் திரும்பி, இப்போது காலையில் தலைமுடியை வாரக்கூடக் கை தூக்க முடியாமல் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. வேலை என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்திருந்தாள். ஒரு மெஷின் அந்த வேலையைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

மறுபடி ஒரு சுற்று போனாள். பிறகு இன்னொன்று. கனமான மருந்துக் கேனைத் தோளில் தூக்கி, ஏணியில் ஏறி டேங்க் வாயில் சாய்க்க வேண்டியதில்லை. இடுப்பு உயரத்துக்கு ஒரு சட்டி இறங்கி வந்தது, அதில் ஊற்றினால் போதும். கை கழுவத் தனியாக ஒரு குட்டித் தொட்டிகூட இருந்தது. நாலாவது சுற்றில் அவள் பாடிக்கொண்டிருந்தாள். கம்பெனிப் பெண் வரப்பிலிருந்து கையாட்டிக் கத்தினாள்:

"டேங்க் காலி ஆகி ரொம்ப நேரம் ஆச்சு அண்ணி!"

அவளுக்கும் அண்ணி ஆகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்காரர், "எப்படி இருந்துச்சு?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

"சுமார்தான்" என்றாள். "அங்க எப்படி?"

"ம்... கிடக்குது."

ஏழாம் நாள் சாப்பாட்டு மேஜையில் தீர்ப்பு. அம்பயர் நடுவில் உட்கார்ந்தாள். "யார் முதல்ல?"

"பழசை எத்தனை நாளைக்குத்தான் கட்டிக்கிட்டு அழறது" என்று ஆரம்பித்தாள் அண்ணி.

"அதுக்கென்ன குறைச்சல்? கல்லு மாதிரி இருக்கு!" என்று பாய்ந்தார் வீட்டுக்காரர். "இன்னும் பத்து வருஷம் ஓடும்."

"ஒழுகுதுன்னு நீங்கதானே குதிச்சீங்க?"

"சளி பிடிச்சா ஆளையே மாத்திடுவாங்களான்னு நீதானே கேட்ட?"

சொல்லிவிட்டு இரண்டு பேரும் நிறுத்தினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். திருடனும் திருடனும் ஒரே ஜன்னல் வழியாக நுழைந்து முட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நாத்தனாருக்குப் புரை ஏறி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்து, மறுபடி புரை ஏறியது.

சிரிப்பு அடங்கின பிறகுதான் அண்ணி கழுத்து விஷயத்தைச் சொன்னாள். முதல் முறையாக, எந்த இடத்தில் வலிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினாள். வீட்டுக்காரரின் முகம் மாறிவிட்டது.

"இத்தனை வருஷம் ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா, விடு நான் ஓட்டுறேன்னு வந்துடுவீங்களே. விளைச்சல் என்ன ஆகுறது?"

அவர் சிரிக்க முயன்றார், முடியவில்லை. எழுந்துபோய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அந்த இடத்தில் கையை வைத்தார். "புதுசு வாங்குறோம். பேச்சே இல்ல" என்றார். கையை எடுக்காமலே, "நாரையை மட்டும் இரும்புக் கடைக்குப் போட மாட்டேன். என்னால முடியாது" என்றார்.

"யார் போடச் சொன்னா?" என்ற அண்ணி, நாத்தனார் பக்கம் திரும்பினாள். தண்ணீர் எடுக்கக் கை நீட்டியிருந்த அவளுடைய சட்டைக் கழுத்து ஒரு பக்கம் விலகியிருந்தது. தோளில் இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பாக ஒரு தடம். முதுகில் மாட்டிக்கொண்டு கையால் அடிக்கிற டேங்கின் பட்டை அழுத்திய தடம். அந்தச் சின்ன நிலம் முழுவதையும் அவள் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அடித்து முடிக்க ஒன்றரை நாள் ஆகும்.

"ஏண்டி, உனக்கு இது வேணும்னு தோணவே இல்லையா?"

நாத்தனார் காலரை இழுத்து விட்டுக்கொண்டாள். "தோணாம என்ன? முதல் நாளே தோணிச்சு. ஆனா நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்றதுக்கு முன்னாடி நான் எப்படிக் கேக்குறது? அம்பயரே மட்டையைத் தூக்கிட்டு இறங்கலாமா?"

"அடிப் பாவி" என்று எட்டி அவள் காதைத் திருகினாள் அண்ணி. வீட்டுக்காரருக்கோ வாயெல்லாம் பல். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார். நாரையின் கைகள் தங்கச்சியின் நிலத்துக்கு ரொம்ப நீளம். இரண்டு பக்கமும் கடைசித் துண்டைக் கழற்றிவிட்டால் சரியாக இருக்கும் என்று கத்திக்கொண்டே அளந்தார்.

புது மெஷின் வந்த வாரமே, கை குட்டையான நாரை வரப்பைத் தாண்டியது. முதல் நாள் நாத்தனார் தன் குட்டி டிராக்டரில் ஏறி ஓட்ட, அண்ணன் பக்கத்திலேயே நடந்துபோய், "மெதுவா, மெதுவா" என்று உயிரை வாங்கினார். கோஸ் வரிசைகள்மேல் இரண்டு பக்கமும் ஒரே சீராகப் புகை மாதிரி இறங்கியது மருந்து. ஒரு பட்டை விடுபடவில்லை.

எட்டு மணிக்கு ஆரம்பித்த வேலை ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. டேங்கைக் கழுவி, கைகால் கழுவி, உடை மாற்றிக்கொண்டு நாத்தனார் அண்ணி வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ஒரு திகைப்பு.

"அண்ணி, வேலை முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு முழுசும், நாளைக்கு மத்தியானம் வரைக்கும் கையில இருக்கு. என்ன பண்றதுன்னே தெரியல."

அண்ணி கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "ஆத்துல தண்ணி நிறைய வருதாம். நீந்தி எத்தனை நாளாச்சு உனக்கு?"

"ஆறு வருஷம் இருக்கும்."

"எனக்குப் பத்து. துண்டை எடுத்துட்டு வா."

இரண்டு பேரும் தெருவில் இறங்கி, பாதி தூரம் நடந்து, மீதி தூரத்தை ஓடினார்கள்.